புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹைஃபூ (அல்ட்ராசவுண்ட்) சிகிச்சை: மூன்று வருடம் கழித்து என் நிலவரம். செய்துகொண்டவர்கள் எழுதுங்கள்

கிராய்டன் மாணிக்கம்
செவ்வாய், இரவு 9:40

வணக்கம். மூன்று வருடம் முன்பு இங்கேதான் வந்து "ஹைஃபூவா, ஆபரேஷனா" என்று கேட்டேன். பலர் பொறுமையாகப் பதில் எழுதினீர்கள். நான் அதன்பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை, மன்னிக்கவும். போன வாரம் வருடாந்தர எம்ஆர்ஐ முடிந்தது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், அடுத்து வருகிறவருக்கு உதவட்டும்.

அப்போது எனக்கு வயது 63. பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவு) 7.8. எம்ஆர்ஐயில் புராஸ்டேட் சுரப்பியின் இடது பக்கம், பின்புறமாக, 11 மில்லிமீட்டரில் ஒரு சந்தேகமான இடம். பயாப்ஸியில் (ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பது) கிளீசன் 3+4. கிளீசன் என்பது புற்று எவ்வளவு மூர்க்கமானது என்பதற்கான மதிப்பெண்: 6 என்றால் குறைந்த அபாயம், 3+4ஐவிட 4+3 மோசம். வலது பக்கத்தில் எடுத்த துண்டுகளில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று வழி சொன்னார்கள். ரோபோ ஆபரேஷனில் சுரப்பியையே எடுத்துவிடலாம், ரேடியேஷன் கொடுக்கலாம், அல்லது அந்த இடத்தை மட்டும் ஒலி அலையால் சுட்டுவிடலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்றைக்குக் காலையில் எனிமா கொடுத்தார்கள். முழு மயக்கம். ஆசனவாய் வழியாகக் கருவியை உள்ளே வைத்து, குடல் சுவருக்கு அப்பால் இருக்கும் சுரப்பியில் ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். சில விநாடி சுடுவது, சற்று நிறுத்துவது, பக்கத்துப் புள்ளிக்குப் போவது. ஒரு தடவைக்கு வேகிற இடம் ஏறக்குறைய ஒரு அரிசி அளவுதான். அப்படி அரிசி அரிசியாக அடுக்கிக்கொண்டே போய், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எரிக்கிறார்கள். குடல் வெந்துவிடாமல் இருக்கக் கருவியைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மாலையே மைத்துனர் காரில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கத்தி படவில்லை என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் கதீட்டரோடு (சிறுநீர் வெளியேறச் செருகும் குழாய்) இருந்தேன். பகலில் தொடையில் கட்டும் பை. இரவில் பெரிய பையை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தொங்கவிட்டு, குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று மனைவி டார்ச் அடித்து இரண்டு தடவை பார்ப்பாள். எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். வார்டில் ஒரு அட்டைக் குடுவையைக் கையில் கொடுத்து, தண்ணீர் குடித்துக் குடித்துப் போய் அளந்து காட்டச் சொன்னார்கள். முதல் தடவை 90 மில்லிதான் வந்தது, எரிச்சல் உயிர் போனது. மூன்றாவது தடவை 250. நர்ஸ் வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்து, உள்ளே அதிகம் தங்கவில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார். அடுத்த ஐந்தாறு வாரம் சிறுநீரில் ஊறிய தேயிலைத்தூள் மாதிரி பழுப்பாகத் துணுக்குகள் வந்தன. வெந்த சதை கரைந்து வருவதுதான், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

சரி, பலன். பிஎஸ்ஏ ஆறாம் மாதத்தில் 2.3. ஒரு வருடத்தில் எம்ஆர்ஐயும் பயாப்ஸியும் எடுத்தார்கள், சுட்ட இடத்தில் புற்று இல்லை. இரண்டாம் வருடம் பிஎஸ்ஏ 2.6. இப்போது 3.1. எம்ஆர்ஐ சுத்தம். சிறுநீர் ஒழுகுவது அறவே இல்லை. அடுத்ததைப் பொதுவில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் கேட்க நினைப்பது அதைத்தான். விறைப்பு முதல் நான்கு மாதம் மிகவும் குறைந்திருந்தது. இப்போது மாத்திரையின் துணையோடு பரவாயில்லை. விந்து மிகவும் குறைந்துவிட்டது, அது திரும்பி வராது என்றார்கள்.

எனக்குக் குணமாகிவிட்டதா என்று யாராவது கேட்டால் "இதுவரை சரி" என்றுதான் சொல்வேன். மீதிச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் இந்தச் சிகிச்சைக்குள் போகக் கூடாது.

கொளத்தூர் பாபு
செவ்வாய், இரவு 11:15

சார், இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிகவும் நன்றி. என் அப்பாவுக்கு 74 வயது. பிஎஸ்ஏ 14, பயாப்ஸியில் கிளீசன் 4+3. சர்க்கரை உண்டு. ஆபரேஷன் என்றதும் சாப்பாட்டையே குறைத்துவிட்டார். சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பினார், "கத்தியில்லாமல் ஒரே நாளில் புற்றுநோய் குணம்" என்று. அது ஹைஃபூதான். அப்பா அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நூற்றுக்கு எத்தனை பேருக்கு இது பலிக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? எம்ஆர்ஐ இன்னும் எடுக்கவில்லை.

செல்வி பர்மிங்ஹாம்
புதன், காலை 7:05

பாபு, நான் ரேடியோகிராஃபர் (ஸ்கேன் எடுக்கிறவள்), டாக்டர் இல்லை. ஆனால் இந்த எண்களோடு தினமும் இருக்கிறவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் ஹாஷிம் அகமது, மார்க் எம்பர்டன் போன்ற யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர்கள் ரொம்ப நாளாகப் பதிவேடு வைத்து இதைச் செய்து வருகிறார்கள். 2018இல் 625 பேரின் கணக்கு வெளியானது. ஐந்து வருடத்தில் 88 சதவீதம் பேருக்கு சிகிச்சை தோற்கவில்லை. நோய் உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாமல் இருந்தவர்கள் 98 சதவீதம். சிறுநீர் ஒழுகுவதற்காகப் பேட் வைக்கத் தேவையில்லாதவர்கள் 98 சதவீதம். விறைப்புக் குறைபாடு வந்தவர்கள் சுமார் 15 சதவீதம். பிறகு 2022இல் இன்னும் பெரிய கணக்கு, 13 ஆஸ்பத்திரிகளில் 2005 முதல் 2020 வரை செய்துகொண்ட 1,379 பேர். ஏழு வருடத்தில் தோல்வியில்லாமல் இருந்தவர்கள் 69 சதவீதம். பெரிய சிக்கல் வந்தவர்கள் 0.5 சதவீதம்தான்.

இப்போது கவனமாகப் படியுங்கள். இங்கே "தோல்வி" என்றால் என்ன? முழுச் சுரப்பிக்கும் ஆபரேஷனோ ரேடியேஷனோ தேவைப்படுவது, ஹார்மோன் மருந்துக்குப் போவது, நோய் பரவுவது, அதனால் இறப்பது. இன்னொரு தடவை ஹைஃபூ செய்தால் அது தோல்வியில் சேராது. அந்த 1,379 பேரில் 252 பேருக்கு இரண்டாவது தடவை செய்திருக்கிறார்கள். ஆகவே "69 சதவீதம் பேருக்கு ஒரே தடவையில் சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அது தவறு. இன்னொன்றும் உண்டு. பாதிப் பேரை மூன்று வருடத்துக்கும் குறைவாகவே பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஏழு வருட எண், நீண்ட காலம் வந்துகொண்டிருந்தவர்களை வைத்துக் கணித்தது. புராஸ்டேட் புற்றுநோய் மெதுவாக நகர்கிற நோய், அதற்கு ஏழு வருடம் ரொம்ப நீண்ட காலமில்லை.

அமெரிக்காவில் எம்ஆர்ஐயைப் பார்த்தபடியே சுடும் முறையை 101 பேரிடம் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து பயாப்ஸி எடுத்த 89 பேரில் 78 பேருக்கு, சுட்ட இடத்தில் கவலைப்படும் அளவுக்குப் புற்று இல்லை. "சுட்ட இடத்தில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சுடாத பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது தனிக் கணக்கு.

அதனால் டாக்டரிடம் "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எதில் அத்தனை சதவீதம், எத்தனை வருடத்தில், இரண்டாம் தடவை செய்தவர்களையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். அப்பாவுக்கு முதலில் நல்ல எம்ஆர்ஐ எடுங்கள். அது இல்லாமல் ஹைஃபூ பேச்சே கூடாது. எங்கே சுடுவது என்று தெரியாமல் எப்படிச் சுடுவது? 2017இல் இங்கே 576 பேரிடம் செய்த சோதனையில், பழைய முறை பயாப்ஸி ஆபத்தான புற்றில் 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. எம்ஆர்ஐ 93 சதவீதத்தைப் பிடித்தது.

லெஸ்டர் ராஜன்
புதன், மதியம் 1:30

மாணிக்கம் அண்ணா, உங்களுக்கு நல்லபடியாக அமைந்ததில் உண்மையாகவே சந்தோஷம். எனக்கு அமையவில்லை. அதுவும் இந்த இழையில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

58 வயதில் ஒரு தனியார் கிளினிக்கில் பணம் கட்டிச் செய்துகொண்டேன். கிளீசன் 3+4, வலது பக்கம், சுரப்பியின் கீழ் நுனிக்குப் பக்கத்தில். "95 சதவீதத்துக்கு மேல் வெற்றி" என்றார்கள். செல்வி அக்கா சொன்ன கேள்வியை நான் கேட்கவில்லை. அது சிறுநீர் ஒழுகாமல் இருப்பவர்களின் சதவீதம் என்று பிறகுதான் தெரிந்தது. புற்றைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன், அவர்களும் திருத்தவில்லை.

ஒரு வருடத்தில் எடுத்த பயாப்ஸியில் சுட்ட இடத்தின் ஓரத்திலேயே 3+4. நுனியில் சிறுநீர் அடைக்கும் தசை இருப்பதால் அங்கே ஒட்டிச் சுடாமல் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள். இரண்டாம் தடவை ஹைஃபூ. பத்து மாதத்தில் பிஎஸ்ஏ மறுபடி ஏறியது. இந்தத் தடவை 4+3. அப்புறம் ரோபோ ஆபரேஷன். சுட்ட பக்கம் குடலோடு ஒட்டிப்போயிருந்தது, பிரிக்க நேரமானது என்று சர்ஜன் சொன்னார். அந்தப் பக்கத்தில் விறைப்புக்கான நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது பிஎஸ்ஏ கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது, அதுவரை நிம்மதி. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பேட் தேவைப்படுகிறது. தாம்பத்தியம் முடிந்துபோன கதை.

முதலிலேயே ஆபரேஷன் செய்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பேனா? தெரியாது. மூன்று வருடம் பழையபடி வாழ்ந்தேன் என்பதும் உண்மை. ஆனால் என் கட்டி இருந்த இடத்துக்கு இது ஏற்றதா என்று இன்னொரு டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வருத்தம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

கிராய்டன் மாணிக்கம்
புதன், மாலை 6:20

ராஜன் தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி. என் கட்டி பின்புறம், நடுமட்டத்தில், கருவிக்கு நேராக இருந்தது. டாக்டர் அதைப் படம் வரைந்து காட்டி, "இது இரண்டு சென்டிமீட்டர் முன்னால் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்" என்றார். அப்போது அதன் கனம் எனக்குப் புரியவில்லை, உங்களைப் படித்தபிறகு புரிகிறது. என்னுடைய பலனில் ஒரு பங்கு கட்டி இருந்த இடத்துக்குச் சேர வேண்டியது.

பாபு, அப்பாவுக்கு என் கதையை மட்டும் படித்துக் காட்டாதீர்கள். ராஜன் எழுதியதையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.

லா சப்பல் குமரன்
வியாழன், காலை 10:10

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். இந்தச் சிகிச்சையின் ஒரு பிறந்த வீடு பிரான்ஸ். லியோன் நகரத்தில் 1990களிலேயே புராஸ்டேட்டுக்கு இதைச் செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்லாதெர்ம், ஃபோக்கல் ஒன் என்ற ஹைஃபூ கருவிகள் அங்கிருந்து வந்தவைதான். என் மாமாவுக்கு 2021இல் செய்தார்கள், அப்போது அவருக்கு வயது 76.

இங்கே 46 ஆஸ்பத்திரிகளில் 3,328 பேரை வைத்து ஹைஃபூவையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 30 மாதத்தில் மறுசிகிச்சை தேவைப்படாதவர்கள் ஹைஃபூவில் 90 சதவீதம், ஆபரேஷனில் 86. சிறுநீரைக் கட்டுப்படுத்துவதில் ஹைஃபூ செய்தவர்கள் தெளிவாகவே நன்றாக இருந்தார்கள். மாமாவின் டாக்டர் இதைச் சொல்லும்போதே கையோடு எச்சரிக்கையும் சொன்னார். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை. ஹைஃபூவுக்குப் போனவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 75, ஆபரேஷனுக்குப் போனவர்களுக்கு 65. இரண்டரை வருடம் என்பது சின்னக் காலம். 75 வயதுக்காரர் அடுத்த பத்து வருடத்தை நிம்மதியாகக் கழிக்க இது போதுமா என்றால், பலருக்குப் போதும். 55 வயதுக்காரருக்கு அதே பதிலைச் சொல்ல முடியாது என்றார்.

மாமா நன்றாக இருக்கிறார். ஒன்பதாம் மாதத்தில் சிறுநீர்ப் பாதை சுருங்கிப்போய் ஒரு தடவை விரித்துவிட வேண்டியிருந்தது. அவர் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

யோகன் டொராண்டோ
வியாழன், மாலை 5:45

மாணிக்கம் அண்ணை, எனக்கு 61. கிளீசன் 6தான், பிஎஸ்ஏ 5.2. குடும்ப டாக்டர் இப்போதைக்குச் சிகிச்சையில்லாமல், பரிசோதனைகளோடு சும்மா கண்காணிப்பில் இருக்கலாம் என்கிறார். ஒரு கிளினிக்கில் "இப்பவே ஹைஃபூ செய்தால் பிறகு கவலையில்லை" என்கிறார்கள். கையிலிருந்து கட்ட வேண்டிய காசு. உள்ளே புற்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எப்படி நித்திரை வரும்?

செல்வி பர்மிங்ஹாம்
வியாழன், இரவு 8:30

யோகன் அண்ணா, உங்கள் குடும்ப டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பிரிட்டனில் 1,643 பேரைச் சீட்டுக் குலுக்கி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்காணிப்பு, ஒன்றுக்கு ஆபரேஷன், ஒன்றுக்கு ரேடியேஷன். அதன் 15 வருட முடிவு 2023இல் வந்தது. மூன்று குழுவிலும் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 2.7 சதவீதம், குழுக்களுக்கு இடையே பெரிய வித்தியாசமில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது மட்டும் கூடுதல், 9.4 சதவீதம். மற்ற இரண்டிலும் ஏறக்குறைய பாதி. அதிலும் எம்ஆர்ஐ பரவலாக வருவதற்கு முந்தைய கண்காணிப்பு அது.

கிளீசன் 6க்கு இன்று முதலில் சொல்வது கண்காணிப்பைத்தான். ஹைஃபூ செய்தாலும் நீங்கள் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, பயாப்ஸி என்று அதே வரிசையில்தான் நிற்கப் போகிறீர்கள். "பிறகு கவலையில்லை" என்று சொல்வதே சரியில்லை. ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டியே நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்குக்கூட இதைச் சோதனைக்குள்ளோ பதிவேட்டுக்குள்ளோ வைத்துத்தான் செய்யச் சொல்கிறது. அமெரிக்காவில் 2015இல் அனுமதி கொடுத்தபோதும் "புராஸ்டேட் திசுவை அழிக்க" என்றுதான் கொடுத்தார்கள், புற்றைக் குணப்படுத்த என்று கொடுக்கவில்லை. காசைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் நித்திரைக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. கண்காணிப்பில் இருக்கும் என் நோயாளிகள் பிஎஸ்ஏ ரிசல்ட் வரும் வாரத்தில்தான் அதிகம் தவிக்கிறார்கள். ரத்தம் கொடுத்த மறுநாளே ரிசல்ட் கேட்டு வாங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதுவே பாதி பாரத்தைக் குறைக்கும்.

திருச்சி ஜெயந்தி
வெள்ளி, காலை 6:50

ஒரு சந்தேகம். மாணிக்கம் சாருக்கு பிஎஸ்ஏ 2.3இலிருந்து 3.1 ஆகியிருக்கிறதே, அது ஏறுவதுதானே? என் கணவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். 0.2 வந்தாலே மறுபடி நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். 3.1 என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கிராய்டன் மாணிக்கம்
வெள்ளி, காலை 9:15

அம்மா, நல்ல கேள்வி. எனக்கும் முதல் வருடம் இதே பயம்தான். ஆபரேஷனில் சுரப்பியே போய்விடுவதால் பிஎஸ்ஏ பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு மீதிச் சுரப்பி உயிரோடு இருக்கிறது, அது பிஎஸ்ஏ சுரந்துகொண்டுதான் இருக்கும். வயதோடு வீங்கினால் கூடவும் செய்யும். ரேடியேஷன் செய்தவர்களுக்கு மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால் மணி அடிக்கும். சுரப்பியில் ஒரு பகுதியை மட்டும் சுட்டவர்களுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு இல்லை. அதனால்தான் என் டாக்டர் எண்ணை மட்டும் நம்பாமல் எம்ஆர்ஐ எடுக்கிறார். நான் ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் தேதியும் எண்ணும் எழுதி வைக்கிறேன். இதுவரை எட்டு வரி. திடீரென்று ஒரு வரி தாவினால் ஒரு மாதம் கழித்து மறுபடி எடுப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

கொளத்தூர் பாபு
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். ஒரு கட்டி வலது பக்கம் பின்புறம், இன்னொன்று இடது பக்கம் முன்புறம். சுரப்பி 70 மில்லிலிட்டர் கொள்ளளவுக்குப் பெரிதாக இருக்கிறது, உள்ளே சுண்ணாம்புப் படிவும் உண்டு. எலும்பிலோ நிணநீர்க் கட்டியிலோ பரவவில்லை. டாக்டரிடம் ஹைஃபூ பற்றி நானே கேட்டேன். கருவியின் வீச்சு முன்பக்கக் கட்டிவரை சரியாக எட்டாது, சுண்ணாம்புப் படிவு ஒலி அலையைச் சிதறடித்துவிடும், 4+3 இரண்டு பக்கமும் இருக்கும்போது பாதியைச் சுட்டு மீதியை விடுவது சரியில்லை என்று படத்தை வைத்து விளக்கினார். ஆறு மாதம் ஹார்மோன் ஊசியும் ரேடியேஷனும் என்று முடிவாகியிருக்கிறது.

அப்பாவுக்கு முதலில் ஏமாற்றம்தான். ராஜன் அண்ணா எழுதியதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான், கேள்" என்றார். அன்று இரவு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

லெஸ்டர் ராஜன்
ஞாயிறு, இரவு 7:40

அப்பாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள், பாபு. போன வாரம் பிஎஸ்ஏ எடுத்தேன், இன்னும் கண்டுபிடிக்க முடியாத அளவுதான். இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை விடாமல் செய்கிறேன், இரண்டு நாளாகப் பேட் நனையவில்லை.

கிராய்டன் மாணிக்கம்
ஞாயிறு, இரவு 10:05

பாபு, சரியான முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது. ரேடியேஷன் போகும் நாட்களில் சிறுநீர்ப்பை நிறைந்தும் குடல் காலியாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். என் நண்பர் ஒருவர் வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பி, டிராஃபிக்கில் மாட்டி ரொம்பச் சிரமப்பட்டார். அங்கே போய்ச் சேர்ந்து, எத்தனை மணிக்கு உள்ளே கூப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு குடிக்கச் சொல்லுங்கள். ஹார்மோன் ஊசியால் உடம்பு திடீரென்று கொதிக்கும், வியர்க்கும், சர்க்கரையும் ஏறலாம். அவருடைய சர்க்கரை டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள் ரேடியேஷன் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். எனக்கு அடுத்த பிஎஸ்ஏ ஜனவரியில். ஒன்பதாவது வரியை இங்கேயும் எழுதுகிறேன்.